மாட்டுக்குப் போன கீரை

மூன்றாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது மாலை நேரங்களில் என் பார்வை மங்கத் தொடங்கியது. ஆனி என்று என் கணவர் சொல்வார், இல்லை, ஆடி. கந்தப்பளைப் பக்கம் வெயிலையே காணாத மழைக்காலம். பகலில் ஒரு குறையும் இல்லை. தேயிலையில் எது கொழுந்து, எது முற்றல் என்று கண் சரியாகவே சொன்னது. மாலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, எங்கள் வரிசை வீடுகள் இருந்த லயத்துக்கு ஏறும்போதுதான் பாதையும் தேயிலைச் செடிகளும் ஒன்றாகக் கறுத்துவிடும். முதுகு வலிக்கிறது என்று சொல்லி, முன்னால் போகிறவளின் கூடையைப் பிடித்துக்கொண்டு நடப்பேன்.

லயத்தில் எங்களுக்கு இருந்த ஒற்றை அறைக் காம்பராவில் அந்தி நேரத்துத் தண்ணீர் என் வேலை. மலைத்தண்ணீர் விழும் பீலிக்குப் போகும் தடம் ஓடைக்கு மேலே, ஓர் ஆள் மட்டும் நடக்கும் அகலத்தில் கிடந்தது. மாமியார் பனி இறங்கும் முன்பே அடுப்படியில் உட்கார்ந்துவிடுவார். பிறகு வாசல் பக்கம்கூட வரமாட்டார்.

“சொணங்காதடி, குடத்த எடு. ஊர்ல நீ ஒருத்திதான் புள்ள சொமக்கிறியா?”

“இந்தா போறேன் அத்தை.”

ஒரு நாள் அந்தத் தடத்தில் என் கால் வெறுங்காற்றில் இறங்கியது. கைக்கு அகப்பட்ட தேயிலைச் செடியைக் கட்டிக்கொண்டேன். குடம் பாறையில் மோதி மோதிக் கீழே போகும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அது நின்ற பிறகு ஓடைச் சத்தம் மட்டும் இருந்தது. ஃபேக்டரி வேலை முடிந்து வந்த கணவர்தான் விளக்கோடு தேடி வந்து என்னை மேலே ஏற்றினார். ஓடைக்கரை முனி அடித்துவிட்டது, சேவல் அறுக்க வேண்டும் என்றார் மாமியார். கணவர் மறுநாள் என்னை டிஸ்பென்சரிக்கு அழைத்துப் போனார்.

தோட்டத்தில் மருந்து கொடுப்பவரை டாக்டர் ஐயா என்றுதான் சொல்வோம். அவர் என் இமையை இழுத்துப் பார்த்தார்.

“என்னம்மா சாப்பிடுற?”

“காலையில ரொட்டி, சம்பலுங்க. ராவைக்குச் சோறு. கருவாடு இருந்தா கருவாடு.”

“லயத்துக்குப் பின்னால என்ன போட்டிருக்கீங்க?”

“கேரட்டு, பீட்ரூட்டு, லீக்ஸுங்க.”

“அதெல்லாம் யாருக்கு?”

“கொழும்புக்குப் போகுதுங்க. கடை முதலாளி லொறியில ஏத்திருவாரு.”

“எலை?”

“மாட்டுக்குங்க.”

“மாடு இருட்டுல தடுக்கி விழுதா?”

கணவர் சிரித்துவிட்டார். “இல்லீங்க ஐயா. அது பாட்டுக்குப் பட்டிக்கு வந்துரும்.”

“அப்ப என்கிட்ட எதுக்கு வந்தீங்க? மாட்டுக்கிட்டயே கேட்டிருக்கலாமே.”

பிறகு அவர் சிரிக்கவில்லை. கேரட், மஞ்சள் பூசணி, கீரை இவற்றில் ஏதாவது ஒன்றை, கொஞ்சம் எண்ணெய் சேர்த்து, நாள் தவறாமல் சாப்பிடச் சொன்னார். “கருவிழி ஓரத்துல வெள்ளையா, நொர மாதிரி படிய விட்றாத. படிஞ்சு முத்திருச்சுன்னா பகலும் போயிரும். அதுக்கு என்கிட்ட மருந்து கெடையாது.”

எங்கள் லயத்தில் யாரும் கேரட் சமைத்ததில்லை. அது துரை வீட்டுக் காய், லொறியில் போகிற காய். கீரைக்கோ வேறொரு தடை இருந்தது. மழைக்காலத்தில் அது குளிர்ச்சி. பிள்ளைத்தாச்சிக்கு ஆகவே ஆகாது. பீட்ரூட் இலையை நான் சட்டியில் போட்டதும் மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“தின்னு. புள்ளைக்கு ஜன்னி வந்தா அந்த டாக்டரயே தூக்கி வளக்கச் சொல்லு.”

முதல் நாள் கீரை, சோற்றோடு தொண்டையில் நின்றது. பிள்ளை அசையாமல் இருந்த பொழுதுகளில் கையை வயிற்றில் வைத்துக்கொண்டு, நான்தான் அதைக் குளிரில் போட்டுவிட்டேனோ என்று பயந்தேன். சாப்பிடாத வேளைகளில் அந்த வெள்ளை நுரையை நினைத்துப் பயந்தேன். ஆனாலும் நிறுத்தவில்லை. பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வருவது முதலில் நின்றது. அதுவரை அதை ஒரு நோயென்றே நான் நினைத்ததில்லை. மலை ஏறும்போது மூச்சு முன்போல வாங்கவில்லை. கண்தான் கடைசியாக வந்தது. ஒவ்வொரு அந்தியிலும் காம்பரா முன்திண்ணையான இஸ்தோப்பில் நின்று எதிர்மேட்டுக் கோயிலின் சூலத்தைத் தேடுவேன். ஒரு நாள் அது தெரிந்தது. மறுநாளும் தெரிந்தது.

அதன் பிறகு ஒரு மாலை, குடத்தோடு பீலியிலிருந்து தனியாகவே திரும்பினேன். தடத்தில் கிடந்த கற்கள்கூடத் தெரிந்தன. காம்பராவில் விளக்கு இன்னும் ஏற்றவில்லை. மாமியார் வாசலுக்கு வந்திருந்தார். ஒரு கை சுவரைத் தடவிக்கொண்டிருந்தது. வெறுங்கால் படியின் விளிம்பைத் தேடியது. நான் கை நீட்டினால் தொடும் தூரத்தில், அவர் முகத்துக்கு நேராக நின்றேன்.

“யாரு?” என்றார்.

அவர் கண்கள் என்னைத் தாண்டி எங்கோ போயின.

“யாரது? ஏன் பேச மாட்டேங்கிற?”

“நான்தான் அத்தை.”

கை சுவரை விட்டு இறங்கியது. “தெரியுதுடி. பாத்துக்கிட்டுத்தான நிக்கிறேன்.”

நான் குடத்தை இறக்கி வைத்து விளக்கை ஏற்றினேன். அடுப்புப் புகையில் கலங்கியவை என்று நான் நினைத்திருந்த அந்தக் கண்களை அன்றுதான் பக்கத்தில் பார்த்தேன். இரண்டிலும் கருவிழி ஓரத்தில் வெள்ளையாகப் படிந்திருந்தது, நுரை மாதிரி.

“எப்பலேருந்து அத்தை?”

“எது எப்பலேருந்து? சோத்தப் போடு.”

சோற்றோடு கீரையையும் வைத்தேன். விரலால் தடவி அது என்னவென்று கண்டுகொண்டார். சண்டை போடவில்லை. பிசைந்து வாயில் வைத்தார். மென்று விழுங்க நேரம் பிடித்தது. இன்னொரு வாய் எடுத்தார். நான் விளக்கை மெதுவாக அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். அவர் முகம், விளக்கு முன்பு இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.