மூன்றிலிருந்து இரண்டுக்கு

லாரி ஓடுகிற மாதிரி வாயால் சத்தம் போடுவதில் எங்கள் தெருவில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. ஸ்டார்ட் ஆகும்போது இருமுவது, முதல் கியரில் உறுமுவது, கிளட்ச்சை மிதித்ததும் மூச்சு விடுவது, அடுத்த கியர் விழுந்ததும் குரல் மாறுவது எல்லாம் எனக்கு அத்துப்படி. பள்ளிக்கூட லீவில் அப்பாவோடு லாரியில் போய்ப் போய்ப் பழகியது. அப்பா அதைப் போனில் படம் பிடித்து ஸ்டேட்டஸ் வைத்திருந்தார். ஒன்பது வயதுப் பெண் பிள்ளை இப்படி உறுமினால் நாளைக்கு யார் கட்டுவான் என்று சொந்தக்காரர்கள் கவலைப்பட்டார்கள். அப்பா கவலைப்படவில்லை.

அந்தச் சித்திரையில் அப்பா இறந்துபோனார். திருவேங்கடம் ஊருக்குப் போகிற வழியில் ஒரு வேப்பமரத்தடியில் லாரியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, ஹேண்ட்பிரேக்கும் போட்டுவிட்டு, டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். மாரடைப்பு என்றார்கள். இடது கை கியர் ராடைப் பிடித்தபடி இருந்ததாம். அந்தக் கையைப் பிரித்தெடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது என்று யாரோ சொல்லப்போக, அந்தப் பேச்சு எங்கள் ஊர் சங்கரன்கோவிலை ஒரு சுற்று சுற்றி வந்தது. அதன் பிறகு லாரிக்கு டிரைவர் கிடைக்கவில்லை. வருவார்கள், டயரைத் தட்டிப் பார்ப்பார்கள், டீ குடிப்பார்கள், திடீரென்று இடுப்புவலி ஞாபகம் வந்து போய்விடுவார்கள். உச்சி வெயிலில் ஆளில்லாத கேபினுக்குள் ராடு தானாக ஆடியதைப் பூ மார்க்கெட் ஆள் ஒருவர் பார்த்தாராம்.

லாரி அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பொது. ஆடித்தபசுத் திருவிழாவுக்குள் ஓட்ட ஆள் அமையாவிட்டால் விற்றுவிடுவது என்று சித்தப்பா முடிவுசெய்தார். லாரி போனால் எங்களுக்குப் பிழைப்பு இல்லை, அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு சிவகிரியில் பிறந்த வீட்டுக்குப் போய் நிற்க வேண்டியதுதான். மறுநாள் சோறு போடும்போது அம்மா, "நானே ஓட்டுதேன்" என்றாள்.

அம்மாவுக்குக் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டத் தெரியும். லைசென்ஸ் எடுத்து நாலைந்து வருடம் பூ மூட்டை ஏற்றியவள்தான். ஆனால் எங்கள் லாரி பழையது, அது வேறு சாதி. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்க, கிளட்ச்சை மிதித்து ராடை நியூட்ரலுக்குக் கொண்டுவர வேண்டும், கிளட்ச்சை விட்டு ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதிக்க வேண்டும், மறுபடி கிளட்ச்சை மிதித்துத்தான் இரண்டில் தள்ள வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் பல்லும் பல்லும் அரைபட்டு லாரி அலறும்.

பழக்கிக்கொடுக்கச் சிவகிரியிலிருந்து மாமா வந்தார். டிப்பர் ஓட்டுகிறவர், ஆறடி ஆள். "எக்கா, நான் பக்கத்துல உக்காந்து சொல்லுதேன். அந்த சீட்டுல மட்டும் உக்காரச் சொல்லாத" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அம்மா டிரைவர் சீட்டில், மாமா கதவோரத்தில் ஒரு கையைக் கைப்பிடியிலேயே வைத்தபடி, நடுவில் நான். ஊருக்கு வெளியே காய்ந்து கிடந்த குளத்துக்குள் ஓட்டினோம். மதியத்தில்தான் அங்கே ஆடு மாடு இருக்காது. கருவேல மரங்களும் வெயிலும் நாங்களும்தான்.

அம்மாவுக்குக் கியர் ஏற்றுவது வந்தது, இறக்குவது வரவில்லை. மூன்று நாள் லாரி அலறியது. நாலாம் நாள் பொறுக்கமாட்டாமல் நான் வாயால் உறுமிக் காட்டினேன். எந்த இடத்தில் எஞ்சின் திணறும், எந்த இடத்தில் மூச்சு விடும் என்பதெல்லாம் என் சத்தத்தில் இருந்தது. அம்மா அதைக் கேட்டு மிதித்தாள். ராடு வெண்ணெயாக இறங்கியது. அந்தச் சந்தோஷத்தில், கியர் இறக்கும்போது அப்பா வழக்கமாகச் சொல்வதையும், தொண்டையை ஒரு தரம் செருமிவிட்டு, அவர் குரலிலேயே சொன்னேன்.

"எறங்கு தாயி, எறங்கு."

மாமா ஓடுகிற லாரியிலிருந்து இறங்கிவிட்டார்.

அன்று பொழுது சாய்வதற்குள், செத்தவர் மகள் மேல் வந்துவிட்டார் என்று தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. அம்மா சிரிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. மறுநாள் காலையில் என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போக ஏற்பாடானது. அம்மா தலை பின்னிக்கொண்டே, "ஒங்கப்பா இருந்தா என்ன சொல்லுவாவ? வண்டிய விக்காதியன்னுதான சொல்லுவாவ?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

கோமதி அம்மன் சன்னதிக்கு எதிரே தரையில் ஒரு சக்கரக்குழி உண்டு. பேய் பிடித்தவர்களை அதில்தான் உட்கார வைப்பார்கள். என்னையும் உட்கார வைத்து நெற்றி நிறையப் புற்றுமண்ணைப் பூசினார்கள். இத்தனை பேர் என்னை மட்டும் பார்ப்பது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. சித்தப்பா கைகூப்பி, "என்னண்ணே வேணும் ஒனக்கு?" என்று கேட்டார். நான் செருமினேன். "வண்டிய விக்காதிய" என்றேன். சித்தப்பாவின் முகம் செத்துப்போயிற்று. விற்பனைப் பேச்சை விட்டுவிட்டார். ஆனாலும் அவர் விவரமான ஆள். "தபசுக்கு முந்தின நாள் செங்கல் ஏத்தித் தாரேன் மதினி. குளத்துக்குள்ள இருந்து கரையேத்திக் காட்டிருங்க. இல்லன்னா அண்ணனே வந்து சொன்னாலும் வண்டிய நான் கொண்டுபோயிருவேன்" என்றார்.

அந்த நாள் மதியம் சித்தப்பாவும் மாமாவும் கரை மேல் நின்றார்கள். கேபினில் அம்மாவும் நானும் மட்டும். பாதி ஏற்றத்தில் லாரி திணறியது. அம்மா கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்கு இழுத்தாள். ராடு இரண்டில் விழவில்லை, அரைத்தது. மறுபடி தள்ளினாள், மறுபடி அரைத்தது. லாரி நிற்கப்போனது. கண்ணாடியில் பின்னால் பள்ளமும் மடையின் கல்லும் தெரிந்தன. "சொல்லுட்டி" என்றாள் அம்மா. எனக்குச் சத்தம் வரவில்லை. பயத்தில் பாவாடையைச் சுருட்டி வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது. எனக்கும் அம்மாவுக்கும் நடுவில், ராடு இருக்கிற பக்கத்தில்.

"எறங்கு தாயி, எறங்கு."

அம்மா கிளட்ச்சை விட்டு, ஒரு மிதி மிதித்து, மறுபடி கிளட்ச்சை அழுத்தினாள். ராடு இறங்கியது. அவள் கை அப்போது ஸ்டீயரிங்கில் இருந்ததா ராடில் இருந்ததா என்று எவ்வளவு யோசித்தாலும் எனக்கு நிச்சயமில்லை. லாரி கரையேறி நின்றது. அம்மா என் வாயிலிருந்து பாவாடைத் துணியை மெதுவாக உருவிவிட்டு, "நல்லாச் சொன்னட்டி" என்றாள். அது நானில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். தெரிந்தால் இந்த லாரியில் அம்மா இனி ஏறமாட்டாள் என்று நினைத்து, விழுங்கிவிட்டேன். பத்து வருடம் அதை எவரிடமும் சொல்லவில்லை.

போன தபசுக்கு ஊருக்கு வந்திருந்தபோது அம்மாவோடு லாரியில் போனேன். தலை பின்னும்போது எனக்குச் சொல்லிக்கொடுத்ததை நினைத்து அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். சித்தப்பாவுக்கு இன்னும் தெரியாதாம். அந்தச் சிரிப்பில் எனக்கும் தைரியம் வந்தது.

"அம்மா, அன்னைக்குக் கரையில நான் பேசவே இல்ல."

அம்மா ரோட்டைப் பார்த்தபடியே மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கினாள்.

"தெரியும்ட்டி. ஒன் வாயிலதான் துணி இருந்துச்சே."

"பின்ன ஏன் நல்லாச் சொன்னன்னு சொன்ன?"

"சின்னப் பிள்ள. பயந்துருவல்லா."

அவளுக்குப் பயமாக இருந்ததா என்று நான் கேட்கவில்லை. ராடின் மேல் இருந்த அவள் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.