மடியில் உட்கார்ந்த மாமா

எங்கள் வீட்டில் டிவியிலோ போனிலோ யார் வந்தாலும் முறை வைத்துவிடுவோம். செய்தி வாசிப்பவர் பெரியப்பா, சமையல் வீடியோ போடுகிறவர் சித்தி. தினமும் லைவில் வந்து "சாப்ட்டீங்களாக்கா?" என்று கேட்கும் வெள்ளைச் சட்டைக்காரர் எனக்கு மாமா. அவர் ஆயிரம் அக்காக்களைக் கேட்டிருப்பார். அம்மா மட்டும் தட்டும் கையுமாக உட்கார்ந்து, "இப்பதான் தம்பி" என்று பதில் சொல்வாள். அப்பாவைக் கட்டிக்கொண்டு மரக்காணம் உப்பளத்துக்கு வந்த நாளிலிருந்து பிறந்த வீட்டில் யாரும் அவளோடு பேசுவதில்லை.

எனக்குக் காது குத்த நாள் குறித்தார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். அம்மா லைவில் எழுதிக் கேட்டாள். "கண்டிப்பா வரேங்க்கா" என்று பதில் வந்தது. அதைத் தெருவெல்லாம் காட்டினாள்.

உப்பளத்தை ஒட்டிய கோயிலில் குத்தினார்கள். பத்து மணிக்கே உப்புப் பாத்திகளின் வெள்ளையில் கண் கூசியது. மாமா வரவில்லை. லைவ் வரும் நேரம் பார்த்து அம்மா போனை என் மடியில் வைத்தாள். மாமா மடியில் நான் உட்கார்வதற்குப் பதில் என் மடியில் மாமா உட்கார்ந்தார். ஊசி ஏறியதும் அலறினேன். அதே நொடியில் போனில் மாமா அப்படியே நின்றுவிட்டார். வாய் பாதி திறந்திருக்க, கண் என்னையே பார்த்தது. டவர் போய்விட்டது என்றார் யாரோ.

நிமிர்ந்தேன். தூரத்தில் வரப்பின் மேல் அதே வெள்ளைச் சட்டையில் ஒருவர் கையில் தட்டோடு நின்றார். கானலில் அவருக்குக் காலே தெரியவில்லை. முகமும் தெரியவில்லை. முகம்தான் என் மடியில் இருந்ததே.

"அம்மா, அங்க மாமா நிக்கிறாரு!"

"உன் மாமா இங்கதான்டி இருக்காரு, ஆடாத!" அம்மா கத்திக்கொண்டே என் தலையைப் போன் பக்கம் திருப்பினாள். அந்த வெட்டவெளியில் குரல் வெகுதூரம் போகும். இரண்டாவது காதும் முடிந்து பார்த்தபோது வரப்பில் யாரும் இல்லை.

வீடு திரும்பும்போது தட்டு மட்டும் அங்கே இருந்தது. பட்டுப்பாவாடை, வாழைப்பழம், என் காதளவுக்கு ஒரு ஜோடி கம்மல்.

அப்பா அம்மாவிடம் மெல்லச் சொன்னார். "உன் தம்பிதான். உனக்குத் தெரியாம கிளியனூர்ல உங்க வீட்டுக்குப் போயி நான்தான் கூப்ட்டேன். வருவான்னு நெனைக்கல."

கிளியனூரில் எனக்கு நிஜமாகவே ஒரு மாமா உண்டு என்பதும், அம்மாவின் கத்தல் அவர் காதில் விழுந்திருக்கும் என்பதும் எனக்குப் புரிய வருடங்கள் ஆயின. அவர் அதன்பிறகு வரவேயில்லை.

அன்று அம்மா வரப்பிலேயே உட்கார்ந்து அழுதாள். டவர் திரும்பி வந்து, அவள் கையிலிருந்த போன் "சாப்ட்டீங்களாக்கா?" என்று கேட்டது. எனக்காகத்தான் அழுகிறாள் என்று நினைத்து அவள் கன்னத்தைத் துடைத்தேன்.

"இப்ப வலிக்கலம்மா" என்றேன்.