புரேக் கடைக்குப் போகாதீர்கள்

மிலிசாவாவின் வீட்டுக்கு வந்த வெளிநாட்டுக்காரர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு இரவுதான் தங்கினார்கள். பொட்கோரிட்சா ரயில் நிலையத்திலிருந்து ஏழு நிமிட நடை. காலையில் எழுந்து கடலுக்கோ மலைக்கோ போய்விடுவார்கள். எங்கள் ஊரைப் பார்ப்பதற்கென்று எவரும் வந்ததில்லை. அதில் எங்களுக்கு வருத்தமும் இல்லை; ஆகஸ்டு வந்தால் நாங்களே ஊரைக் காலி செய்துவிட்டுக் கடற்கரைக்கு ஓடுகிறவர்கள்தான்.

மிலிசாவாவுக்கு மட்டும் அது உறுத்தியது. அப்போது அவளுக்கு ஐம்பத்தாறு வயது. ஒரு தொழிற்சாலைச் சமையற்கூடத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்து, ஆள்குறைப்பில் வெளியே வந்தவள். கணவன் வுகோட்டா இறந்து நான்கு வருடமாகியிருந்தது. முன்னறையை வாடகைக்கு விட்டுக் காலம் ஓட்டினாள். தங்கிப் போனவர்கள் இணையத்தில் எழுதுவதை, மாடியில் குடியிருந்த நான் அவளுக்குப் படித்துச் சொல்வேன். பள்ளியில் ஆங்கிலம் கற்பிப்பதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. “அருமையான அம்மாள், சுத்தமான படுக்கை, ஊரில் பார்க்க ஒன்றுமில்லை” என்று ஒருவர் எழுதியிருந்தார்.

“ஒண்ணுமில்லையாமா? எங்கே போகணும்னு தெரியாம சுத்தினா ஒண்ணும் இருக்காதுதான்,” என்றாள். “டீச்சர், பேனா எடு. நான் சொல்றேன், நீ எழுது.”

அறைக் கதவின் உள்பக்கம் ஒட்டுவதற்காக ஒரு தாள். அவள் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதினேன்.

“மத்தியானம் பன்னண்டுல இருந்து அஞ்சு வரைக்கும் வெளியே போகக் கூடாது. போனா மூளை உருகிடும்.”

“தலை சுத்தும்னு போடறேன் அக்கா.”

“உருகிடும்னு போடு. அப்பத்தான் கேப்பாங்க. ஸ்டேஷன் வாசல்ல நிக்கிற டாக்சியில ஏறாதே, போன் பண்ணிக் கூப்பிடு. குழாய்த் தண்ணியே குடிக்கலாம், பாட்டில் வாங்காதே. ஞாயித்துக்கிழமை கடை இருக்காது, சனிக்கிழமையே ரொட்டி வாங்கி வச்சுக்கோ. ஆத்துல எல்லா இடத்துலயும் இறங்காதே. பிள்ளைங்களோட பொம்பளைங்க எங்க இறங்குறாங்களோ அங்க இறங்கு. தண்ணி பனிக்கட்டி மாதிரி இருக்கும், குதிக்காதே. யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டு பிராந்தி குடுத்தா முதல் கிளாஸை வேணாம்னு சொல்லாதே. ரெண்டாவதுக்குக் கையால மூடிக்கோ.”

இப்படி முப்பது வரிக்கு மேல் போனது. எந்தப் பேருந்து எங்கே நிற்கும், எங்கே நல்ல சூப் கிடைக்கும், மணிக்கூண்டுப் பக்கம் எந்தச் சந்தில் நிழல் இருக்கும் என்று எல்லாம் சொன்னாள். கடைசியாக இதையும் சொன்னாள்.

“சந்தைக்குப் பக்கத்துல இருக்கிற புரேக் கடைக்குப் போகாதே. அந்தக் கடைக்காரி நம்புறதுக்கு லாயக்கில்லாதவ.”

புரேக் என்பது மெல்லிசாக இழுத்த மாவில் இறைச்சியோ பாலாடைக்கட்டியோ வைத்து அடுக்கடுக்காகச் சுடும் எங்கள் காலை உணவு. “ஏன், அங்க நல்லா இருக்காதா?” என்று கேட்டேன்.

“நல்லாத்தான் இருக்கும். எழுது.”

எழுதினேன். அந்தக் கடைக்காரி ரோசாந்தா யாரென்று எனக்குத் தெரியும். மிலிசாவாவின் கல்யாணத்தில் சாட்சி நின்றவள். எங்கள் பக்கத்தில் அந்த உறவுக்குக் குமா என்று பெயர். கூடப்பிறந்தவர்களோடு பேசாமல் இருக்கலாம். குமாவோடு பேசாமல் இருந்தால் ஊர் காறித் துப்பும். முகம் தெரியாதவர் சாவுக்குக்கூட வரிசையில் நின்று கைகொடுத்துவிட்டு வருகிற ஊர் இது. வுகோட்டாவின் அடக்கத்துக்கு ரோசாந்தா வரவில்லை. அன்றோடு பேச்சு நின்றுவிட்டது. அது தெரிந்தும் நான் அந்த வரியை நல்ல ஆங்கிலத்தில், அவள் சொன்னதைவிடக் கொஞ்சம் கடுமையாகவே எழுதினேன்.

அடுத்த ஆகஸ்டில் தடேயுஷ் வந்தார். போலந்துக்காரர், வயது அறுபத்தேழு, டிராம் ஓட்டி ஓய்வுபெற்றவர். ஒரு இரவுக்கென்று வந்தவர், கதவில் இருந்த தாளை நின்றபடியே முழுதும் படித்தார். இவ்வளவு எழுதுகிற அளவுக்கு ஊரில் ஏதோ இருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ, எட்டு நாள் தங்கினார். தாளைத் தன் கையால் நகல் எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வரி வரியாகப் போய்ப் பார்த்துவிட்டுப் பென்சிலால் குறி போட்டார். அவருடைய மொழியும் எங்களுடையதும் தூரத்துச் சொந்தம். மெதுவாகப் பேசினால் பாதி புரியும். மீதிக்கு நான் இருந்தேன்.

இரண்டாம் நாள் மாலை அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். “அம்மா, அந்த சூப் கடை இப்ப செல்போன் கடையா இருக்கு. நீங்க எழுதின பஸ்ஸும் அந்த வழியா வர்றதில்ல.”

“எப்ப இருந்து?”

“ஆறு வருஷமாச்சுன்னு சொன்னாங்க.”

அவர் உள்ளே போனதும் மிலிசாவா என்னிடம் பொரிந்தாள். “நேத்து வந்த மனுஷன் எனக்கு ஊர் சொல்லித் தர்றாரு!” ஆனால் அவள் பேருந்தில் ஏறியே பல வருடம் ஆகியிருந்தது. ரொட்டிக் கடை, சந்தை, கல்லறை, வீடு. அதற்கு மேல் அவள் போனதில்லை.

ஐந்தாம் நாள், தான் தினமும் காலையில் சந்தைப் பக்கத்துப் புரேக் கடையில்தான் சாப்பிடுவதாகத் தடேயுஷ் ஒப்புக்கொண்டார்.

“போகாதேன்னு எழுதியிருந்துதே!” என்றாள் மிலிசாவா.

“அதனாலதான் போனேன். முப்பத்தெட்டு வருஷம் தண்டவாளம் போன பக்கமே போனவன் நான். போகாதேன்னா அங்க என்னதான் இருக்குன்னு பாக்க ஆசை வராதா?” என்று சிரித்தார். “தாளை அந்த அம்மாகிட்டயும் காட்டினேன். சிரிப்பாங்கன்னு நெனச்சேன். அவங்க மருமக படிச்சுச் சொன்னா. அவங்க சிரிக்கல.”

அன்று மாலை ஆறு மணிக்கு ரோசாந்தா வந்தாள். இடுப்பில் கட்டிய, மாவு அப்பிய ஏப்ரனைக்கூட அவிழ்க்கவில்லை. வெயிலில் நடந்து முகம் சிவந்திருந்தது. வாசலில் மிலிசாவா, நான், தடேயுஷ் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம்.

“நான் நம்புறதுக்கு லாயக்கில்லாதவளா? யாரு எழுதினது?”

“டீச்சர் எழுதினா,” என்றாள் மிலிசாவா கண் இமைக்காமல்.

“அவ கை எழுதிச்சு. வாய் உன்னோடதுதானே? உள்ளூர்ல சொன்னது பத்தாதுன்னு உலகத்துக்கே இங்கிலீஷ்ல சொல்றியா?”

மிலிசாவா எழுந்தாள். “எம்புருஷன் பெட்டியை இறக்குறப்ப நீ எங்கடி இருந்தே? ஊரே நின்னுச்சு. தொழிற்சாலை வாட்ச்மேன் நின்னான். என் குமா எங்க?”

ரோசாந்தா படியில் உட்கார்ந்தாள். “கடையில இருந்தேன். கதவைச் சாத்திட்டு மாவு பிசைஞ்சுட்டு இருந்தேன்.”

“மாவா?”

“அடக்கத்துக்கு முந்தின ஞாயித்துக்கிழமை உம்புருஷன் எம்பையனுக்குக் கார் சாவி குடுத்தான். பையன் குடிச்சிருந்தான். ஓட்டிட்டுப் போய்ச் சுவத்துல இடிச்சான். ஆளுக்கு ஒண்ணும் ஆகல. ஆனா நான் வுகோட்டாவை நடுத்தெருவுல நிக்க வச்சுக் கத்தினேன். இனிமே உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு சொன்னேன். புதன்கிழமை அவன் போயிட்டான். அந்த மூஞ்சியை எப்படி வந்து பாக்கறது, சொல்லு.”

தெருவில் யாரோ தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள். தடேயுஷுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது; எழுந்து உள்ளே போய் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து ரோசாந்தாவிடம் நீட்டினார்.

“எங்கிட்ட அவர் சொல்லவே இல்லியே,” என்றாள் மிலிசாவா.

“சொல்லியிருக்க மாட்டான்.”

“நீயாவது வந்து சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருக்கலாம்.”

“அஞ்சு வருஷம் ரோசாந்தா.”

“ஆமா.”

மிலிசாவா அழவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. “காபி போடறேன். இருந்தா இரு,” என்று உள்ளே போனாள். “சர்க்கரை வேணாம், டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டாரு,” என்று ரோசாந்தா படியிலிருந்தே குரல் கொடுத்தாள். மூன்று பேரும் குடித்தார்கள். எனக்கும் ஒரு கோப்பை வந்தது. போகும்போது ரோசாந்தா என்னைப் பார்த்து, “டீச்சர், பிள்ளைங்களுக்கு வேற இங்கிலீஷ் சொல்லிக் குடு,” என்றாள்.

மறுநாள் அந்த வரியை மாற்றச் சொன்னாள் மிலிசாவா. “புரேக் நல்லா இருக்கும்னு போடு.”

“கடைக்காரியைப் பத்தி?”

“ஒண்ணும் போடாதே.”

மற்ற வரிகளைச் சும்மா விடவும் அவளுக்கு மனம் வரவில்லை. மீதி இரண்டு நாளும் காலை ஏழு மணிக்கே, வெயில் ஏறுவதற்கு முன், தடேயுஷோடு கிளம்பினாள். ஆற்றுக்கு மேல் கட்டியிருக்கும் புதுப் பாலத்தை அவள் நடந்து கடந்தது அதுதான் முதல் தடவை. ஆற்றங்கரையில் பெண்கள் இறங்குகிற இடம் ஒரு வளைவு தள்ளிப் போயிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத் தானும் முழங்கால்வரை இறங்கிப் பார்த்தாளாம். பதினோரு வரிகளை அடித்தாள், நான்கைப் புதிதாகச் சேர்த்தாள். வெளிநாட்டுக்காரர்கள் வந்த மறுநாளுக்குள் தாங்கள் தங்கியிருப்பதைப் பதிவு செய்யவேண்டும், எல்லையில் அந்தச் சீட்டைக் கேட்பார்கள் என்பது அவற்றில் ஒன்று. தடேயுஷுக்கே அதைச் செய்ய மறந்துபோய், கடைசி நாளில் இருவரும் பதிவு அலுவலகத்துக்கு ஓடினார்கள்.

அவர் கடற்கரை ரயிலில் ஏறிப் போனார். பிறகு வரவில்லை, புத்தாண்டுக்கு ஒரு அட்டை வந்தது.

அந்தக் குளிர்காலத்தில் ரோசாந்தாவின் மருமகள் பிரசவத்துக்குப் போக, கடையில் நிற்க ஆளில்லை. மிலிசாவா பத்து நாள் என்று போனாள். இப்போதும் காலை ஐந்தரைக்கு அங்கேதான் இருக்கிறாள். மாவை எவ்வளவு மெல்லிசாக இழுப்பது என்பதில் இருவருக்கும் தினமும் சண்டை, வாடிக்கையாளர் காதுபடவே. விருந்தினர்களைக் கவனிக்க நேரமில்லாததால், முன்னறையில் மலைப்பக்கத்திலிருந்து வந்த மருத்துவ மாணவி ஒருத்தி மாத வாடகைக்கு இருக்கிறாள். இணையத்தில் இன்னும் இருக்கும் பழைய விளம்பரத்தை நம்பிப் பெட்டியோடு வந்து கதவைத் தட்டுகிறவர்களை, அந்த மாணவி இரண்டு தெரு தள்ளி இருக்கும் விடுதிக்கு அனுப்பிவைக்கிறாள்.