தாடிச்சாமி

மருதப்பன் கப்பலில் கலாசி. வீரர் என்று யாராவது சொன்னால் அவருக்கு எரிச்சல் வரும். 1934இல் திடீரென்று வீசிய சுமாத்ராப் புயல்காற்றில் தொங்கான் என்ற சரக்குப் படகு ஒன்று கவிழ்ந்தபோது, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு கடலில் குதித்து, அதிலிருந்தவர்களையெல்லாம் இழுத்து வந்தார். சண்டையே இல்லாத காலத்தில் பதக்கம் வாங்கியவர் எங்கள் பஃபலோ சாலைப் பக்கம் அவர் ஒருவர்தான். அதைச் சட்டையில் குத்திவிட்ட வெள்ளைக்காரர் கடலின் ஆபத்துகளைப் பற்றி நெடுநேரம் பேசினார். அவருக்கு நீந்தத் தெரியாது என்று மருதப்பன் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டார்.

வெள்ளிப் பதக்கம். அதில் தாடி வைத்த ஆங்கிலேய மன்னரின் தலை.

ஜப்பான்காரன் வந்ததும் அந்தத் தலை மருதப்பன் தலைக்கே வினையாயிற்று. வெள்ளைக்காரனோடு ஒட்டுறவு என்று சந்தேகப்பட்டவர்களை லாரியில் ஏற்றிப்போனார்கள். பலர் திரும்பவில்லை.

"கமலா, அதைக் கொண்டுபோய் ரோச்சோர் கால்வாயில போட்டுடு," என்றார் மனைவியிடம்.

"தண்ணியிலேர்ந்து உசுரை இழுத்துக் கொடுத்ததுக்குக் கிடைச்சதுங்க. அதைத் தண்ணியிலயே போடவா?"

கமலா ரிப்பனைக் கழற்றி அடுப்பில் போட்டார். மன்னருக்குப் பட்டையாக விபூதி பூசி, சந்தனம் குங்குமம் வைத்து, முருகன் படத்துக்குக் கீழே சாத்திவைத்தார். பக்கவாட்டு முகம் என்பதால் பாதிப் பட்டைதான் போட முடிந்தது. எதிர் அறையில் குடியிருந்த எனக்கு ஆத்திரமாக வந்தது. மாட்டினால் வீடே மாட்டும்.

ஒரு நாள் காலை, ஒளித்துவைத்த ரேடியோ இருக்கிறதா என்று தேடி ஒரு ஜப்பானியச் சிப்பாய் வந்தான். கூட வந்த மொழிபெயர்ப்பாளர் அஹமது கபீர், போருக்கு முன் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி. பதக்கம் கொடுத்த அன்று கைதட்டியவர்களில் அவரும் ஒருவர். சிப்பாய் துப்பாக்கி முனையால் பூசைப் பலகையைக் காட்டி ஏதோ கேட்டான்.

"இது யாருன்னு கேக்குறாரு," என்றார் கபீர்.

கமலா சிப்பாய்க்கும் பலகைக்கும் நடுவே போய் நின்றார். "தாடிச்சாமி. எங்க குலதெய்வம்."

கபீர் தாடியைப் பார்த்தார். மருதப்பனைப் பார்த்தார். பிறகு சிப்பாயிடம் நீளமாக எதையோ சொன்னார். சிப்பாய் தொப்பியைக் கழற்றிவிட்டு, ஆங்கிலேய மன்னருக்குக் குனிந்து வணக்கம் வைத்தான்.

"ரொம்பத் துடியான சாமின்னு சொல்லிட்டேன் லா. விளக்கை ஏத்தாம விட்டுடாதீங்க," என்று முணுமுணுத்துவிட்டு கபீர் வெளியேறினார். ஜப்பான்காரனோடு சுற்றும் அந்த மனிதரை அதுவரை எனக்குக் கண்டாலே ஆகாது. அன்று பிடித்துப்போனது.

வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் பதக்கம் வாங்கியவர்களை அணிவகுப்புக்குக் கூப்பிட்டார்கள். மருதப்பன் வெறும் சட்டையோடு போனார். பதக்கம் எங்கே என்று அதிகாரி கேட்டதற்கு, "பூசையில இருக்கு, துவான்," என்றார். அது மன்னருக்கு மரியாதைக் குறைவாம்.

எந்தக் கோயிலிலும் கைகூப்பாத மருதப்பன், வெள்ளிக்கிழமை தவறாமல் தாடிச்சாமிக்குத் தன் கையாலேயே சூடம் கொளுத்தினார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ராஜா மேல அவ்வளவு பக்தியா அண்ணே?"

அவர் அடுப்படிப் பக்கம் பார்த்தார். கமலா சோறு வடித்துக்கொண்டிருந்தார்.

"நான் குதிச்சப்போ இடுப்புல கயிறு இருந்துச்சுப்பா," என்றார். "அன்னிக்குத் துப்பாக்கி முன்னால நின்னப்போ அவளுக்கு அதுவும் இல்ல."