கால் நனைக்காமல் போன நாள்

சேலம் அஸ்தம்பட்டியில் நான் தங்கியிருக்கும் பெண்கள் விடுதியில் என் அறைத்தோழிக்குக் கால்விரல் இடுக்கில் புண். தோல் டாக்டர் ஏதோ பொடி எழுதிக்கொடுத்து, தண்ணீரில் கரைத்துத் தினமும் பாதத்தை ஊறவைக்கச் சொல்லியிருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் துணி காயப்போட்டுவிட்டு அறைக்கு வந்தால், கதவுக்குப் பக்கத்தில் ஊதாத் தண்ணீரோடு அகலமான ஒரு பிளாஸ்டிக் டப். நான் என்ன செய்தேன் தெரியுமா? செருப்போடு வலது காலை அதில் முக்கி எடுத்து, இடது காலை முக்கி எடுத்து, ஈரத்தோடு உள்ளே போய்விட்டேன். "ஏய், அது எம் மருந்துடி" என்று அவள் சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

அவளுக்கு என்ன சொல்லிப் புரியவைப்பது? நான் வளர்ந்தது எருமப்பட்டிப் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில். பண்ணை எங்களுடையது அல்ல, வேலைதான் எங்களுடையது. அப்பாவும் அம்மாவும் முட்டை பொறுக்கினார்கள், தீவனம் போட்டார்கள், கேட்டுக்குப் பக்கத்தில் ஓர் அறையில் குடியிருந்தோம். ஒவ்வொரு கொட்டகை வாசலிலும் படிக்குக் கீழே சிமெண்ட்டில் ஒரு சின்னத் தொட்டி உண்டு. அதில் எந்நேரமும் ஊதா மருந்துத் தண்ணீர் நிற்கும். வெளியே இருந்து சீக்கு வராமல் இருக்க, அதில் கால் நனைக்காமல் யாரும் உள்ளே போகக் கூடாது. அதைக் காப்பது அப்பாவின் வேலை என்று யாரும் சொன்னதில்லை, அவராகவே எடுத்துக்கொண்டார். எதிரே யார் வந்தாலும் முதலில் அவர்கள் காலைத்தான் பார்ப்பார், அப்புறம்தான் முகம். பள்ளிக்கூடம் விட்டு வரும் என்னைக்கூட அப்படித்தான்.

ஒருமுறை பேங்கில் இருந்து ஓர் அதிகாரி பளபளக்கும் ஷூவோடு வந்தார். தொட்டியைப் பார்த்துத் தயங்கினார். அப்பா கைகட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"ஷூவோட எறங்குங்க சார், வெயிலுக்குக் காஞ்சுரும்."

முதலாளி சிரித்துவிட்டார். "நானே நனைச்சுட்டுத்தான் போறனுங்க சார். இவன்கிட்டத் தப்பிக்க முடியாது."

அப்பா அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் இதை இரண்டு தடவை சொன்னார்.

நான் காலேஜ் போனது எங்கள் வீட்டில் பெரிய விஷயம். அப்பா படித்தது ஐந்தாவது, அம்மா பள்ளிக்கூடத்தின் வெளிச்சுவரை மட்டும் பார்த்தவர். ஆங்கில இலக்கியம் படிக்கிறேன் என்று கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். தலைக்கனம் என்று பேசினார்கள். இருந்தது, மறுக்க மாட்டேன். மூன்றாம் வருஷம் விருப்பப்பாடம் ஒன்றை ஆன்லைனில் எடுக்க வேண்டும் என்றபோது, எல்லோரும் அலுவலகக் கடிதம் எழுதும் பாடத்தை எடுத்தார்கள். எனக்கு மட்டும் பட்டியலில் கடைசியாக இருந்ததுதான் வேண்டும் என்று தோன்றியது: எதிர்ப்பண்பாட்டு இலக்கியம். அது என்ன என்று தெரியாது. பெயர் கனமாக இருந்தது.

வகுப்பு சனிக்கிழமைகளில் மதியம் இரண்டு மணிக்கு. தீவனக் குடோனுக்கும் முதல் கொட்டகைக்கும் நடுவில், தண்ணீர் டேங்க்கின் அடியில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். இயர்போனில் ஒரு காது செத்துவிட்டதால், கோழிச் சத்தத்துக்கு மேலே கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் அலறவிட்டுக் கேட்பேன். மேடம் எந்த ஊர் என்று தெரியாது. திரையில் அவருக்குப் பின்னால் ஒரு ஜன்னலும் பூச்செடியும் இருக்கும். ஆங்கிலத்தில் பாடம் சொல்லிவிட்டு, எங்களைப் போன்றவர்களுக்காகத் தமிழிலும் ஒரு தடவை சொல்வார். நல்லவர். ஆனால் அவர் சொன்னது ஒன்றும் எனக்கு விளங்கவில்லை.

எங்கோ தூர தேசத்தில் சிலர் வீட்டை விட்டுப் போனார்களாம், வேலையை உதறினார்களாம், மாதக்கணக்கில் சாலையிலேயே கிடந்தார்களாம். அது எதிர்ப்பு, அது விடுதலை. எங்கள் பக்கம் வேலையை உதறியவன் அடுத்த பண்ணையில் போய் வேலை கேட்பான். மாதக்கணக்கில் சாலையில் கிடப்பதுதான் விடுதலை என்றால், திருச்செங்கோட்டில் இருந்து ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டியில் வடக்கே போகிறவர்கள் எல்லோரும் விடுதலை பெற்றவர்கள்தானா? இதைக் கேட்க வாய் வரும், மைக்கைத் திறந்தால் கோழிகள் முந்திக்கொள்ளும்.

"அங்க என்ன கூட்டம்?" என்று மேடம் கேட்டார் ஒருநாள்.

"கோழிங்க மேடம். கூண்டுல இருக்குது."

மேடம் முகம் மலர்ந்தது. "கூண்டா? உனக்கு வாசல்லயே உருவகம் இருக்கே."

அதற்குப் பிறகு நான் எதை எழுதினாலும் கூண்டைப் பற்றி எழுதச் சொன்னார். எனக்குக் கோழி கோழியாகத்தான் தெரிந்தது.

அப்பா ஒருமுறை கேட்டார், "அதுல என்னதான் சாமி சொல்லித் தர்றாங்க?"

"ஊட்ட உட்டுப் போயிருவாங்கப்பா. வேலைக்குப் போகமாட்டாங்க. முடி வெட்டமாட்டாங்க."

"அப்புறம்?"

"அதப் பத்தி எழுதுவாங்க."

அப்பா யோசித்தார். "உங்க பெரியப்பனும் அப்படித்தான் இருந்தான். எழுதல, அவ்வளவுதான்."

பருவத்தின் முடிவில் மேடம் ஒரு வேலை கொடுத்தார். வீட்டில் யாரும் கேள்வி கேட்காமல் கடைப்பிடிக்கும் ஒரு விதியை மீறுங்கள். மீறியபோது என்ன உணர்ந்தீர்கள் என்று எழுதுங்கள். ஐம்பது மதிப்பெண். எனக்கு முதல் வகுப்பு வாங்கியாக வேண்டும். ஆனால் எதை மீறுவது? முடியை வெட்டினால் அம்மா அழுவார். சாப்பிட மாட்டேன் என்றால் உடம்புக்கு என்ன என்று கேட்பார். இரண்டு நாள் குழம்பினேன். மூன்றாம் நாள், எருமப்பட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கறிக்கடை ஓரமாக நடந்து வந்த அதே செருப்போடு, முதல் கொட்டகைத் தொட்டியைத் தாண்டிக் குதித்தேன். ஒரு வரிசை முழுக்க நடந்து திரும்பினேன். இவ்வளவுதான். பார்க்க யாரும் இல்லை.

என்ன உணர்ந்தேன்? ஒன்றும் இல்லை. யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்க்கத் தோன்றியது. எழுதியதோ வேறு: அந்த ஒரு நொடியில் நூறு வருஷக் கட்டுகள் அறுந்தன என்று எழுதினேன். அந்த ஆங்கில வாக்கியத்தைப் பத்துத் தடவை படித்து ரசித்தேன்.

நான் குதித்த நான்காம் நாள் அந்தக் கொட்டகையில் முட்டை குறைந்தது. ஓடில்லாமல், தொட்டால் அமுங்கும் முட்டைகள் வந்தன. கோழிகள் கழுத்தை நீட்டி இழுத்து இழுத்து மூச்சுவிட்டன. காலி முட்டை அட்டைகளை அப்பா ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைத்தார். முதலாளி வந்தார்.

"யாருடா உள்ள வந்தது?"

"ஒருத்தரும் வரலீங்க. எம்புள்ளகூடக் கால் நனைக்காம வராதுங்க."

நான் டேங்க் அடியில் நின்றுகொண்டிருந்தேன். சொல்லியிருக்கலாம். வாய் திறக்கவில்லை. முதலாளி தீவன லாரி டிரைவரைச் சந்தேகப்பட்டார். இனி இந்தப் பக்கம் வரவேண்டாம் என்று போனிலேயே சொல்லிவிட்டார். அந்த டிரைவர் அண்ணன், எங்கள் அம்மாவுக்கு ராசிபுரத்தில் இருந்து கீரை வாங்கி வந்து கொடுப்பவர்.

அடுத்த வகுப்பில் மேடம், "இதுல ஒரு கட்டுரைய மட்டும் நான் வாசிக்கப் போறேன்" என்றார். என்னுடையது. ஆங்கிலத்தில் வாசித்தார். எனக்குக் காது சூடேறியது, பெருமையில்தான். பிறகு வழக்கம்போலத் தமிழுக்கு வந்தார். "இந்தப் பொண்ணு அவங்க கோழிப்பண்ணையில, எல்லாரும் கால் நனைக்கிற மருந்துத் தொட்டிய நனைக்காமத் தாண்டிக் குதிச்சிருக்கா. என்ன துணிச்சல் பாருங்க."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. பின்னால் வந்துகொண்டிருந்த காலடிச் சத்தம் நின்றுபோன மாதிரி இருந்தது. திரும்பினேன். தலையில் தீவன மூட்டையோடு அப்பா. மூட்டையை இறக்கவும் இல்லை, நடக்கவும் இல்லை. என் காலைப் பார்த்தார். பிறகு கொட்டகைக்குப் போனார். தொட்டியில் நின்று இரண்டு காலையும் நனைத்துவிட்டு உள்ளே போனார்.

சாயங்காலம் முதலாளி காரின் ஜன்னலோரம் குனிந்து அப்பா சொன்னது எனக்குக் கேட்டது. "ஏனுங்க, அந்த டிரைவர் மேல தப்பில்லீங்க. அவசரத்துல நாந்தான் ஒரு நாளு கால் நனைக்காம உள்ள போயிட்டனுங்க."

"நீயா?"

"ஆமாங்க."

முதலாளி காரை ஸ்டார்ட் செய்தார். "வேற யாராச்சும் சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன். மாசம் முடியட்டும், கெளம்பிக்க."

அம்மா அடுப்பு முன்னால் உட்கார்ந்து கேட்டார். "ஏனுங்க, நீங்களா நனைக்காமப் போனீங்க?"

"மறந்துட்டேன்."

அம்மா அவரை நம்பவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார்.

சாமான்களை டெம்போவில் ஏற்றிக்கொண்டு ராசிபுரம் போகும்போது, பாத்திர மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா, அது" என்று ஆரம்பித்தேன்.

"அந்தப் பாடத்துல எத்தன மார்க்கு சாமி?"

"அம்பதுக்கு நாப்பத்தேழுப்பா."

"மூணு எங்க போச்சு?" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சீக்குக்குக் காரணம் என் செருப்பா, தீவனத்தில் இருந்த ஈரம் பட்ட மக்காச்சோளமா என்று பண்ணை டாக்டருக்கும் உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும் இருக்கலாம் என்றாராம். எதிர்ப்பு என்றால் என்ன என்றும் எனக்கு இன்றுவரை புரியவில்லை. நான் குதித்தது அதுவா, அப்பா காரருகே குனிந்தது அதுவா? எதற்கு அந்த நாற்பத்தேழு?

அந்த விருப்பப்பாடம் இப்போது பட்டியலில் இல்லை, எடுக்க ஆள் இல்லையாம். வகுப்புப் பதிவுகள் இருந்த செயலியும் திறப்பதில்லை. பண்ணையில் பெரிய மூடிய கொட்டகை வந்துவிட்டது. வாசலில் மருந்து தானாகத் தெளிக்கிறது, பழைய தொட்டிகளில் மண் கொட்டி மூடிவிட்டார்கள் என்று டிரைவர் அண்ணன் சொன்னார்.

அப்பா ராசிபுரத்தில் ஒரு நூல் மில்லுக்கு வாட்ச்மேன். மாதம் ஒருமுறை பஸ்ஸில் இறங்கி வீட்டுக்கு நடந்து போகிறேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். பஸ் ஸ்டாண்டுத் தூசியெல்லாம் என் செருப்பில் இருக்கும். படிக்கு முன்னால் ஒரு நொடி நிற்கிறேன், அவர் பார்க்கட்டும் என்று.

"வா சாமி" என்கிறார், என் முகத்தைப் பார்த்து.