மாவுச் சாக்குக்குள்ளிருந்து மதியச் செய்தி

எங்கள் தீவு ஊரான பெலான்ஸில் டிஃபீக்கைத் தெரியாதவர் கிடையாது. மரி க்ளோடெட் வால்மோனைத் தெரியாதவரும் கிடையாது. இரண்டும் ஒரே ஆள்தான் என்பது மட்டும் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. சொல்லிப் பார்த்தேன். நான் எதைச் சொன்னாலும் கேலி என்று எடுத்துக்கொள்வது இந்த ஊரின் வழக்கம். என் வாய் அப்படி, யாரைக் குற்றம் சொல்ல?

கடைக்காரி ஸோலாஞ்ச் என்று கேட்டால் என்னைக் காட்டுவார்கள். ரம், உப்பு மீன், மாவு, மண்ணெண்ணெய் எல்லாம் என்னிடம் கிடைக்கும். அந்தக் காலத்தில் ஊருக்கு ஒரே டெலிபோன் என் கடைப் பின்னறையில்தான் இருந்தது. ஊரிலேயே உரக்கக் கத்தும் ரேடியோவும் என்னுடையதுதான்.

எங்கள் பக்கத்தில் ஞானஸ்நானப் பெயர் கோயில் பதிவுக்கும் கல்லறைச் சிலுவைக்கும்தான் உதவும். மற்றபடி ஊர் வைப்பதுதான் பெயர். ஃபீக் என்றால் வாழை, டி என்றால் குட்டி. பிறந்தபோது சீப்பிலிருந்து உதிர்ந்த கடைசிக் காய் மாதிரி இருந்தாளாம், அதனால் டிஃபீக். அப்பா வால்மோன் அவள் தவழும்போதே பக்கத்துத் தீவு குவாதலூப்புக்குப் படகேறியவர், போனவர் போனவர்தான். அவரோடு அந்தக் குடும்பப் பெயரையும் ஊர் மறந்துவிட்டது. வளர்ந்தபின் டிஃபீக் வாழைக்காய் பெட்டி கட்டும் கொட்டகையில் வேலைக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வாசகம் படிப்பாள். படிக்கும்போது குரல் வேறாகிவிடும், ஆனால் கோயிலில் யார் விழித்திருந்து கேட்கிறார்கள்?

ஒருமுறை மலை சரிந்து சாலை மூடிக்கொண்டது. வேறு தீவிலுள்ள பிரிட்ஜ்டவுனிலிருந்து வட்டாரச் செய்தி நிலையத்துக்காரர் ஒருவர் என் டெலிபோனில் கூப்பிட்டு, "அங்க என்ன நடக்குது, யாராவது சொல்லுங்க" என்றார். நான் அப்போது எண்ணெய்ச் சட்டியில் பேக்ஸ், அதாவது மாவு ரொட்டி, பொரித்துக்கொண்டிருந்தேன். கைக்கு எட்டிய தூரத்தில் நின்ற டிஃபீக்கிடம் ரிசீவரைத் திணித்தேன். அவள் வாசகம் படிக்கும் குரலில் சொன்னாள்: எந்த வளைவில் சரிந்தது, யாருக்கு என்ன ஆயிற்று, வாழைக்காய் லாரிகள் எங்கே நிற்கின்றன. மதியம் அதுவே ரேடியோவில் வந்தது. அடுத்த வாரமும் கூப்பிட்டார்கள். அதிலிருந்து எங்கள் தீவின் இந்தக் கரையில் நடப்பதை எல்லாத் தீவுகளுக்கும் சொல்கிற நிருபர் அவள்தான்.

அந்த நிலையத்தின் ஆசிரியர் மிஸ்டர் ஸ்கீட் கஞ்சி போட்ட சட்டைக் காலர் மாதிரியான மனிதர். எங்கள் ஊர்ப் பேச்சான கிரியோல் பேசக் கூடாது, பட்டப்பெயர் சொல்லவே கூடாது என்பது அவர் சட்டம். "பஹாமாஸ்லேர்ந்து கயானா வரைக்கும் கேக்கிறாங்க, மிஸ் வால்மோன். முழுப்பேரு, பதவி, நடந்தது என்ன. அவ்வளவுதான்" என்பார். மீறினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று ஒவ்வொரு முறையும் சேர்த்துக்கொள்வார். அதுவும் போதாதென்று கடைச் சத்தமும் கோழிச் சத்தமும் லைனில் கேட்கக் கூடாதாம். அதற்கு நான்தான் வழி கண்டுபிடித்தேன். காலி மாவுச் சாக்கை அவள் தலையிலிருந்து ரிசீவரோடு சேர்த்துக் கவிழ்த்துவிடுவேன். உள்ளே இருந்தபடியே மதியச் செய்தியைப் பதிவுக்குச் சொல்லிவிட்டுத் தலையெல்லாம் வெள்ளையாக வெளியே வருவாள். காலையில் அவளைப் பார்க்கிறவர்கள் நான் அவளை மாவு சலிக்க வைத்து வேலை வாங்குகிறேன் என்று என்னைத்தான் திட்டுவார்கள்.

மதியம் அந்தச் செய்தி வரும்போது என் கடையில் நிற்க இடமிருக்காது. மற்றத் தீவுகளின் அரசியல் எங்களுக்குச் சம்பந்தி வீட்டு விவகாரம் மாதிரி. ட்ரினிடாடில் பட்ஜெட் போட்டால் இங்கே பெருமூச்சு விடுவார்கள். எங்கோ துறைமுகத்தில் வேலைநிறுத்தம் என்றால் இங்கே இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்பார்கள்.

"இந்த ஜமைக்காக்காரனுங்க எப்பத்தான் திருந்தப் போறானுங்களோ!"

"ஏன், உன் பொண்டாட்டி ஊரு செயின்ட் லூசியாவுல மட்டும் என்ன வாழுதாம்?"

எல்லோரையும் அடக்குவது போஸ்கோதான். வலை பின்னும் கிழவர், பிடிவாதத்தில் கழுதை தோற்றுவிடும். "பெலான்ஸிலிருந்து மரி க்ளோடெட் வால்மோன்" என்று குரல் வந்ததும் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொள்வார். முடிந்ததும் ரேடியோவைப் பார்த்துத் தலை குனிந்து, "மெர்சி, மேடம்" என்று நன்றி சொல்வார். அந்த மேடம் தலைநகர் ரோசோவில் மாடி வீட்டில், முத்துமாலையோடு உட்கார்ந்திருப்பதாக அவருக்கு நினைப்பு. மேடம் அவர் முழங்கைக்குப் பக்கத்தில் நின்று உப்பு மீன் தின்றுகொண்டிருப்பாள்.

ஒருநாள், மறுபடி சரிந்து மூடிக்கிடந்த சாலை புதன்கிழமை திறக்கும் என்று அவள் காலையில் சொல்லி அனுப்பியிருந்தாள். அதற்குப் பிறகு மந்திரி மனம் மாறி வெள்ளிக்கிழமை என்றுவிட்டார். மதியச் செய்தியில் புதன் என்று வந்ததும் டிஃபீக் பதறிப்போனாள்.

"இல்ல போஸ்கோ, வெள்ளிக்கிழமைதான். மாத்திட்டாங்க."

"வால்மோன் அம்மாவே புதன்னு சொல்லியாச்சு. உனக்கு அவங்களைவிட அதிகம் தெரியுமோ? வாழைக்காய் அடுக்குறவளுக்கு வாயைப் பாரு!"

நான் சிரித்துச் சிரித்து ரம் அளக்கும் குவளையையே கீழே போட்டேன். டிஃபீக் சிரிக்கவில்லை. கடை காலியானதும் கல்லாவில் சாய்ந்துகொண்டு சொன்னாள்.

"ஒரே ஒரு நாளாச்சும் இவங்க என்னைப் பாத்து 'நீதானா அது'ன்னு கேக்கணும், ஸோலாஞ்ச். அது போதும் எனக்கு. எங்கெங்கயோ இருக்கிற ஜனங்களுக்கு என்னைத் தெரியுது. என் தெருவுக்குத் தெரியல."

"அந்தக் குரல்ல பேசிக் காட்ட வேண்டியதுதானே, என் கண்ணு டூடூ?"

"காட்டினேனே! போஸ்கோ என்ன சொன்னார் தெரியுமா? 'பரவாயில்லையே, அந்தம்மா மாதிரியே மிமிக்ரி பண்றியே'ங்கறார்."

எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் சிரிப்பு வந்தது, அடக்க முடியவில்லை.

அப்புறம் இடைத்தேர்தல் வந்தது. எங்கள் தொகுதி உறுப்பினர் பதவியை விட்டுவிட்டு லண்டனில் மகளோடு இருக்கப் போய்விட்டார். அரசாங்கம் ஒற்றை இடத்தில் தொங்கிக்கொண்டிருந்த நேரம். பெலான்ஸ் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் நாடு. எல்லாத் தீவுகளும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன. மிஸ்டர் ஸ்கீட் முதன்முறையாக டிஃபீக்கை நேரடி ஒலிபரப்பில் முடிவைச் சொல்லச் சொன்னார்.

நின்றவர்கள் இரண்டே பேர். விளக்குச் சின்னத்தில் க்ராப்போ, அதாவது தவளை. தொண்டை அப்படி. படகுச் சின்னத்தில் டொக்தே. பேர்தான் டாக்டர், ஊசி போடுவது ஆட்டுக்கு. சுவரெல்லாம் இந்தப் பெயர்கள்தான். வாக்குச் சீட்டில் வேறு ஏதோ அச்சடித்திருந்தது உண்மை, ஆனால் விளக்கும் படகும் கண்ணுக்குத் தெரியும்போது எழுத்தை யார் படிப்பார்கள்? க்ராப்போவின் அம்மா மா யூலாலி மகனுக்கு வைத்த பெயர் ஒகுஸ்தேன். அதைப் பதியப் போன ஞானத்தகப்பன் வழியில் இரண்டு கடையில் தாகம் தீர்த்துக்கொண்டு போய், ஃபெர்டினான்ட் எத்தியேன் என்று எழுதிவிட்டு வந்துவிட்டான். வேட்புமனுவில் கட்சிக்காரர்கள் அதைத்தான் நிரப்பியிருந்தார்கள். க்ராப்போ படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டான், பிறவி அரசியல்வாதி.

வாக்கு எண்ணிக்கை எதிரே பள்ளிக்கூடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு நடந்தது. அன்று சாயங்காலம் தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கட்சியும் என் கடையில்தான் ஒதுங்கியிருந்தன. உள்ளே போகப் பயந்துகொண்டு க்ராப்போவும் ஒரு மூலையில் ரம்மோடு உட்கார்ந்திருந்தான். நிருபர் அட்டை வைத்திருந்த டிஃபீக் எண்ணுகிற இடத்தில் இருந்தாள். அவள் அங்கே சுத்தம் செய்யப் போயிருப்பதாக போஸ்கோ எல்லோருக்கும் விளக்கினார். முடிவு கையெழுத்தானதும் அவள் பின்வாசல் வழியாக ஓடிவந்து பின்னறையில் நுழைந்ததை நான் மட்டும் பார்த்தேன். சாக்கை எடுத்துக் கவிழ்த்தேன்.

ரேடியோ ஊரை அமைதியாக்கியது. "பெலான்ஸ் தொகுதியில் திரு. ஃபெர்டினான்ட் எத்தியேன் வெற்றி பெற்றதாக அறிவிக்கப்பட்டுள்ளது..."

மூலையிலிருந்த க்ராப்போவே தலையைத் தூக்கி ரேடியோவைப் பார்த்தான்.

"எவன் அவன்?" என்றார் போஸ்கோ.

"ஃபெர்டினான்டா? நம்ம ஊர்ல அப்படி யாரு?"

"ரோசோக்காரனா இருக்கும். மூணாவது ஆளை உள்ள நுழைச்சுட்டாங்கய்யா!"

அதன்பிறகு ரேடியோ கட்சிப் பெயர் சொன்னதோ வாக்கு வித்தியாசம் சொன்னதோ யார் காதிலும் விழவில்லை. மா யூலாலி தலையில் கைவைத்துக்கொண்டு, "என் பிள்ளை சீட்டைத் திருடிட்டானுங்களே!" என்று ஒப்பாரி எடுத்தாள். க்ராப்போ மேசைமேல் ஏறி, "இந்த ஃபெர்டினான்ட் மட்டும் என் கையில கிடைக்கட்டும், அவனை உயிரோட விட மாட்டேன்!" என்று தவளைத் தொண்டையில் கத்தினான். நேற்றுவரை முகம் கொடுத்துப் பேசாத டொக்தே அவன் தோளைத் தொட்டு, "நானும் வரேன்டா" என்றார். வாழைத்தார் வெட்டுகிற கத்திகள் மூலையிலிருந்து வெளியே வந்தன. வாக்குப் பெட்டிகளை உடைக்க எல்லோரும் பள்ளிக்கூடத்தை நோக்கி வாசலில் இறங்கத் தொடங்கிவிட்டார்கள்.

 பின்னறைக்கு ஓடிப்போய்ச் சாக்கின் ஓரத்தைத் தூக்கினேன். டிஃபீக் இன்னும் நேரலையில்தான் இருந்தாள்.

"ஃபெர்டினான்ட் யாருன்னு தெரியாம க்ராப்போ மேசைமேல ஏறிக் கத்துறான், பட்டப்பேரைச் சொல்லுடி! இல்லாட்டி இவனுங்க வெட்டிக்குவானுங்க!" என்று கிசுகிசுத்தேன்.

ரிசீவருக்குள் மிஸ்டர் ஸ்கீட்டின் குரல் எனக்கே கேட்டது. "மிஸ் வால்மோன், பின்னால என்ன சத்தம்? நேயர்களுக்குச் சொல்லுங்க."

அவள் என்னைப் பார்த்தாள். கண்ணிமையெல்லாம் மாவு. அந்த ஒரு பெயரைச் சொன்னால் வேலை போகும், அதோடு அந்தக் குரலும் போகும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.  பிறகு எல்லாத் தீவுகளுக்கும் கேட்கும்படி, கோயில் குரலை விட்டுவிட்டு, கிரியோலில் சொந்தக் குரலில் கத்தினாள்.

"ஃபெர்டினான்ட்னா க்ராப்போதான்! மா யூலாலி மகன் க்ராப்போ! விளக்கு ஜெயிச்சுடுச்சு. கத்தியைக் கீழ போடுங்க. மா யூலாலி, அழுகையை நிறுத்துங்க, உங்க பிள்ளைதான் எம்பி. டேய் க்ராப்போ, மேசையை விட்டு இறங்கு, ஸோலாஞ்ச் அதை இப்பத்தான் புதுசா வாங்கினா!"

மேசைமேல் நின்றவன் தன்னையே ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டான். "நானா?" என்றான்.

 ரேடியோவில் மூச்சு வாங்கும் ஓசை. பிறகு, மெதுவாக: "பெலான்ஸிலிருந்து, மரி க்ளோடெட் வால்மோன்." ஒரு கணம் நிறுத்தினாள். "அதாவது, டிஃபீக்."

நாட்டின் அரசாங்கம் அந்த நிமிஷம் நின்றதா விழுந்ததா என்று யாரும் கேட்கவில்லை. கூட்டம் அப்படியே திரும்பி என் பின்னறைக்குள் பாய்ந்தது. சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, முகமெல்லாம் வெள்ளையாக, கையில் ரிசீவரோடு அவள் நின்றாள். வாசலில் முதலில் நின்றது க்ராப்போ. எம்பியான பிறகு அவன் பேசிய முதல் வார்த்தை இதுதான்:

"அடிப்பாவி, நீதானா அது?"

அவள் அழுதாள். கண்ணீர் மாவில் கோடு போட்டுக்கொண்டு இறங்கியது. அழுதுகொண்டே சிரித்தாள். ஜெயித்தவனை விட்டுவிட்டு அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு மழைக்குள் ஓடினார்கள். படகுக் கட்சிக்காரர்களும் சேர்ந்துதான் தூக்கினார்கள்.

தொங்கிக்கொண்டிருந்த ரிசீவரை நான் எடுத்தேன். "ஹலோ? ஹலோ?" என்று மிஸ்டர் ஸ்கீட்.

"அவ ஊர்க்காரங்க தோள் மேல இருக்கா, சார்."

"பட்டப்பேரு சொல்றது விதிக்கு விரோதம்னு மிஸ் வால்மோனுக்குத் தெரியும்."  அவள் வேலை போச்சு என்று நினைத்தேன். "இங்க போன் ஓயவே மாட்டேங்குது. க்ரெனடாவுலேர்ந்து, மான்செராட்டுலேர்ந்து கூப்பிட்டு, 'யாருக்கும் வெட்டுப்படலியே'ன்னு கேக்கிறாங்க. ஆமா, க்ராப்போன்னா என்ன?"

"தவளை, சார்."

இருமலா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. "எங்க தெருவுல எனக்கு என்ன பேரு தெரியுமா?" என்று கேட்டு அவரே சொன்னார். அதை நான் யாரிடமும் சொல்வதாக இல்லை, இந்த ஒரு விஷயத்தில் என் வாய் அடங்கிவிட்டது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "நாளைக்குக் காலையில வழக்கமான நேரத்துக்குக் கூப்பிடுவேன். தயாரா இருக்கச் சொல்லுங்க" என்றார்.

மறுநாள் மதியம் என் கடையில் காற்றுப் புக இடமில்லை. டிஃபீக் வழக்கமான இடத்தில், கல்லாவோரத்தில், சூடான பேக்ஸ் ஒன்றை மென்றுகொண்டிருந்தாள். தலைமுடியில் இன்னும் கொஞ்சம் மாவு ஒட்டியிருந்தது. ரேடியோவில் அவள் குரல் புதிய உறுப்பினரின் முழுப்பெயரையும் பதவியையும் ஒழுங்காகச் சொன்னது. கடைசியில், "பெலான்ஸிலிருந்து மரி க்ளோடெட் வால்மோன்" என்றது.

"டிஃபீக்!" என்று கடை மொத்தமும் கத்தியது.

போஸ்கோ மட்டும் கத்தவில்லை. மார்பில் பிடித்திருந்த தொப்பியோடு எழுந்தார். பழக்கதோஷத்தில் ரேடியோ பக்கம் திரும்பியவர் பாதியில் நின்றார். பிறகு நிதானமாக இந்தப் பக்கம் திரும்பி, வாழைக்காய் அடுக்குகிறவளின் முன்னால் தலை குனிந்தார்.

"மெர்சி, மேடம்" என்றார்.

வாய் நிறைய பேக்ஸ் இருந்ததால் அவளால் பதில் சொல்ல முடியவில்லை.