ஹெலிகாப்டர் இறங்கும் இடத்துக்கு நான் பொறுப்பு

போனக்காட்டுப் பக்கம் மலை மேலே எங்கள் லயம். பத்து வீடுகள் ஒட்டி நிற்கும் வரிசைக்கு எஸ்டேட்டில் லயம் என்று பேர். கடைசி வீடு என்னுடையது. அதற்கு எதிரே ரோடு அகலமாகும். முன்பு தேயிலைக் கொழுந்து லாரி திரும்பிய இடம். இப்போது லாரி இல்லை. இடம் சும்மா கிடந்தது. சும்மா என்றால், மிளகு காய்ந்தது, துணி காய்ந்தது, விறகு காய்ந்தது. சாயங்காலம் ஆண்கள் பந்து அடித்தார்கள். என் பசு நடுவில் படுத்து அசை போட்டது.

போன மழையில் கீழ் வளைவில் ரோடு இடிந்தது. எங்களைக் கீழே இறக்கி ஒரு பள்ளிக்கூடத்தில் வைத்தார்கள். சோற்றுக்குக் குறைவில்லை. மாட்டுக்கு மட்டும் இடமில்லை என்றார்கள். அவிழ்த்துவிட்டு இறங்கினோம். ஒரு மாதம் கழித்து ஏறி வந்தால் என் பசுவுக்கு விலா எலும்பு தெரிந்தது. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. பக்கத்து வீட்டில் என் அண்ணன் மனைவி. மதினியின் பசு திரும்பவே இல்லை.

இந்த வருஷம் என் பசு சினை. மழையில்தான் ஈனும். நான் இறங்குவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

அப்போதுதான் வில்லேஜ் ஆபீஸ் சார் டேப்போடு வந்தார். ரோடு போனாலும் மேலே ஹெலிகாப்டர் இறங்க ஓர் இடம் வேண்டுமாம். ஒரு நாள் வந்து இறங்கிப் பார்ப்பார்களாம். சரியாக இருந்தால் மழைக்கு நாங்கள் இங்கேயே இருக்கலாம். சரியில்லை என்று எழுதினால் எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு.

இடம் யார் பொறுப்பு என்று அரை நாள் பேச்சு. பஞ்சாயத்து ஆள் எஸ்டேட்டைக் காட்டினார். எஸ்டேட் ஆள் காட்டிலாகாவைக் காட்டினார். காட்டிலாகாக்காரர், "ஞங்கள் மரத்துக்குத்தான் பொறுப்பு, இங்க மரம் எவிட?" என்றார். சார் சுற்றிப் பார்த்தார். நான் சாணி அள்ளிக்கொண்டிருந்தேன்.

"சேச்சி, வீடு இதுதானே?"

"ஆமா சார்."

"எழுத்து அறியுமோ?"

"பேரு எழுதுவேன்."

"அது மதி." அது போதுமாம்.

ஒரு தாளில் பேர் எழுதினேன். அவ்வளவுதான். நான் பொறுப்பாகிவிட்டேன். மலையாளத்தில் அதற்கு நீளமாக ஒரு சொல் சொன்னார். எனக்கு வாயில் வரவில்லை.

என் வீட்டுக்காரருக்கு முட்டி போய்விட்டது. வாசலில் நாற்காலியில்தான் பகல் முழுக்க. அங்கிருந்தே, "முப்பது வருஷம் கொழுந்து கிள்ளி வராத புரமோஷன், சாணி அள்ளையில வந்திருச்சு பாரு" என்றார். மதினி அன்று முதல் என்னை ஏர்போர்ட்டு மேனேஜர் என்றுதான் கூப்பிட்டாள்.

விதிகள் நிறைய. கயிறு கூடாது. துணி கூடாது. மிளகு கூடாது. குச்சி, கல், மாடு கட்டும் முளை எதுவும் கூடாது. வெள்ளையில் பெரிதாக ஹெச் போட வேண்டும். காற்று எந்தப் பக்கம் என்று தெரிய ஒரு கம்பத்தில் துணி கட்ட வேண்டும்.

துணி வந்ததும் சண்டை வந்தது. யூனியன்காரர் சிவப்பைக் கொண்டுவந்தார். ஐந்தாம் வீட்டுக்காரர், "அப்ப எங்க கட்சிக்குக் காத்தே அடிக்கலியா?" என்று மூவர்ணத்தை எடுத்தார். காவி ஒருவர், பச்சை ஒருவர். மதினி உள்ளே போனாள். பூப்போட்ட பழைய நைட்டியின் கையை வெட்டிக்கொண்டு வந்து கம்பத்தில் மாட்டினாள்.

"இது எந்தக் கட்சின்னு கேளுங்க பாப்போம்."

யூனியன்காரர் சிவப்பைச் சுருட்டிக்கொண்டார். கை காற்றில் நன்றாக ஊதிக்கொண்டது.

ஹெச்சை நானே போட்டேன். என் வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்து கத்தினார்.

"ஏய், எடது கால் வளையுது!"

"உங்க காலப் பாருங்க முதல்ல."

யூனியன்காரர் வந்து ஹெச் தலைகீழாக இருக்கிறது என்றார். அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தேன். அங்கிருந்தும் ஹெச்தான். இந்தப் பக்கம் வந்து பார்த்தேன். ஹெச்தான். அவர் ஒரு முறை சுற்றி வந்தார். பிறகு வீட்டைப் பார்த்துப் போனார்.

சுண்ணாம்பு சும்மா அடித்தால் உதிர்ந்துவிடும். கஞ்சித் தண்ணியும் கல்லுப்பும் போட்டுக் கரைக்க வேண்டும். எங்கள் லயத்துச் சுவர் எல்லாம் அப்படித்தான். அந்தச் சுவர்களில் மாட்டு நாக்கு எட்டும் உயரம் வரை வெள்ளை நிற்காது. உப்புக்கும் கஞ்சிக்கும் நக்கிவிடும். பிறந்ததிலிருந்து பார்க்கிறோம். ஆனாலும் தரையில் போடும்போது ஒருவருக்கும் தோன்றவில்லை. தரை, மாட்டுக்கு இன்னும் வசதி.

முளை கூடாது என்றார்களே. ஹெலிகாப்டர் வருவதற்கு முந்தின நாள் ரோட்டோரம் இருந்த பசுவின் முளையை நானே பிடுங்கினேன். கொட்டகையில் விட்டுக் கதவைச் சாத்தினேன். அந்தக் கதவுக்குக் கொண்டி இல்லை. முளை இருந்தவரை தேவைப்படவில்லை.

அன்று லயம் முழுக்க மாவு ஆட்டினார்கள். மலை ஏறி வந்தவனைப் பசியோடு இறக்கக் கூடாது என்பது எங்கள் பழக்கம். அளவெடுக்க வந்தாலும் சரி, எங்களைக் காலி பண்ண வந்தாலும் சரி, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ஹெலிகாப்டரில் எத்தனை பேர் வருவார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. பஸ் மாதிரி நினைத்துவிட்டோம். பத்து வீட்டிலும் பானை நிறைய இட்டிலி மாவு.

காலையில் வெளியே வந்தேன். பசு நடு ரோட்டில் படுத்திருந்தது. வயிறு பக்கத்தில் சரிந்து கிடந்தது. வாய் வெள்ளை. மூக்கு வெள்ளை. ஹெச்சில் ஒரு கால்தான் மிச்சம். குறுக்குக் கோடும் இல்லை.

மதினி பல் விளக்கிக்கொண்டே வந்து பக்கத்தில் நின்றாள்.

"ஏட்டி, ஒண்ணுன்னு எழுதியிருக்கு."

"ஆமா."

"ஹெலிகாப்டர் ஒண்ணுதானே வருது. சரியாத்தான் இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரக் கூடாத நேரம். பத்து மணிக்கு வந்துவிடுவார்கள். சுண்ணாம்பு ஒரு பிடி இல்லை. கீழே விதுரை போய் வாங்கி வர மத்தியானம் ஆகும். பசுவைப் பார்த்தேன். அது ஏப்பம் விட்டது.

மதினி வாயைக் கொப்பளித்துத் துப்பினாள். "வெள்ளையா என்னட்டி இருக்கு நம்மகிட்ட?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் அடுக்களையைப் பார்த்தோம்.

என் பானையை முதலில் ஊற்றினேன். வாசல் கூட்டும் வாரியலால் இழுத்தேன். நன்றாகப் பிடித்தது. மதினி தன் பானையைக் கொண்டுவந்தாள். அதற்குள் மற்ற வீடுகள் எழுந்துவிட்டன. யாரிடமும் விளக்கவில்லை. பார்த்தார்கள், உள்ளே போனார்கள், பானையோடு வந்தார்கள். ஒவ்வொரு மாவும் ஒவ்வொரு பதம். மூன்றாம் வீட்டு மாவு பொங்கி வழிந்தது. ஏழாம் வீட்டு மாவு தண்ணி. "இதுல இட்டிலி சுட்டா கல்லுதான்" என்று ஒருத்தி. "உன் வீட்டுல தின்னவன் சொல்லணும் அத" என்று மற்றவள். பெண்கள் குனிந்து இழுக்கிறார்கள், சிரிப்பில் இழுக்க முடியவில்லை. நிமிர்ந்தால் மறுபடி சிரிப்பு. யூனியன்காரர் தோசைக்கரண்டியால் ஓரத்தைச் சரிசெய்தார். என் வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். முட்டி போன பிறகு அவர் அப்படி நின்றதைப் பார்க்கவில்லை.

"கொஞ்சம் வெந்தயம் போட்டிருந்தா இன்னும் ஒட்டும்!"

ஹெச் வந்தது. பழைய காலை விடப் புதிய கால் பளிச்சென்று இருந்தது.

ஆனால் இட்டிலி மாவிலும் உப்பு உண்டு. பசு எழுந்து நின்று எங்களைப் பார்த்தது. கொட்டகையை நம்ப முடியாது. வீட்டுக்குள் ஏற்றினேன். முன் அறையில் கட்டிலும் பசுவும் என் வீட்டுக்காரரும். கயிறு அவர் கையில்.

ஒன்பது மணிக்கு வில்லேஜ் ஆபீஸ் சார் ஜீப்பில் வந்தார். புது வெள்ளைச் சட்டை. ஹெச்சைப் பார்த்தார். "கொள்ளாம் சேச்சி. நல்ல வெளுப்பு." நான் தலையாட்டினேன். ரோட்டுக்கு எதிரே இருக்கும் பழைய தேயிலை ஃபேக்டரிச் சுவருக்குப் பின்னால் நிற்கச் சொன்னேன். "எனக்குத் தெரியும்" என்று முன்னால் நின்றார்.

பத்துக்குப் பனிமூட்டமாக மஞ்சு இறங்கியது. எதிரே இருக்கும் சுவர் தெரியவில்லை. சத்தம் மட்டும் வந்தது. தலைக்கு மேலே வந்து, சுற்றி, குறைந்து, போய்விட்டது. சிரிப்பு நின்றது. மதினி என் கையைப் பிடித்தாள். அவள் கையில் மாவு காய்ந்திருந்தது. போன வருஷம் பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் அவள் ராத்திரி முழுக்கப் படுக்காமல் உட்கார்ந்திருந்தது நினைவு வந்தது.

மஞ்சு விலகியது. நைட்டிக் கை கிழக்கே நீட்டியது. சத்தம் திரும்பி வந்தது.

அது இறங்கும்போது மலையே தட்டாமாலை சுற்றியது. கண் திறக்க முடியவில்லை. பறந்தது தேயிலைச் சருகு. அதற்கு மேல் பறந்தது மாவு. மேல்தோல் காய்ந்திருந்தது, உள்ளே ஈரம். அத்தனையும் கிளம்பியது. விசிறி நின்றதும் கண்ணைத் திறந்தோம். சாரின் சட்டை வெள்ளை என்பதால் தெரியவில்லை. முகத்தில் தெரிந்தது. புருவத்தில் தெரிந்தது. யூனியன்காரருக்கு மீசை நரைத்திருந்தது.

ஓட்டி வந்தவர் இறங்கினார். கூட ஒருவர்தான். பத்துப் பானை இரண்டு பேருக்கு. காலால் தரையைத் தட்டிப் பார்த்தார். நடந்து அளந்தார். கம்பத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து ஹெச்சைத் தொட்டு, விரலை முகர்ந்தார். ஏதோ இங்கிலீஷில் கேட்டார்.

சார் நெற்றியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "இது எந்தா சேச்சி?"

"இட்டிலி மாவு சார்."

"எந்து?"

"இட்டிலி மாவு. சுண்ணாம்பைப் பசு நக்கிட்டுது."

சார் அதை இங்கிலீஷில் சொல்ல முயன்றார். பாதியில் வாய் கோணிவிட்டது. திரும்பிக்கொண்டார். முதுகு குலுங்கியது. ஓட்டி வந்தவர் மீதியைத் தானே புரிந்துகொண்டார். இடத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன்.

"அடுத்த தடவை வரும்போது இந்த அடையாளம் இருக்குமோன்னு கேக்குறார்" என்றார் சார்.

யோசித்தேன். பொய் சொல்லத் தெரியவில்லை.

"அடையாளம் இருக்கும்னு சொல்ல முடியாது சார். நான் இருப்பேன். இடம் காலியா இருக்கும்."

அப்போது என் வீட்டுக்குள்ளிருந்து பசு கத்தியது. பின்னாலேயே என் வீட்டுக்காரர் கத்தினார். "போயாச்சா? எனக்குக் கை போச்சு!"

ஓட்டி வந்தவர் சிரித்துவிட்டார். தாளில் எழுதினார். சார் எட்டிப் பார்த்து எனக்குத் தலையாட்டினார். இடம் சரி. பெயிண்டால் ஹெச் போட வேண்டும். வேறு குறை இல்லை.

மதினி என் தோளில் ஓர் அறை விட்டாள். இன்னும் வலிப்பது போல இருக்கிறது.

சாப்பிடக் கொடுக்க இட்டிலி இல்லை. மரச்சீனிக் கிழங்கு அவித்து, காந்தாரி மிளகாய் அரைத்து வைத்தோம். ஓட்டி வந்தவர் கண்ணில் தண்ணீர் வழிய மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார். ரோட்டில் கிடந்த மாவைக் காட்டி ஏதோ சொன்னார். "அடுத்த தடவை அதைத் தட்டில் தரச் சொல்றார்" என்றார் சார்.

மழை வந்தது. வளைவில் ரோடு மறுபடி கொஞ்சம் போனது. நாங்கள் இறங்கவில்லை. பசு அதன் கொட்டகையிலேயே ஈன்றது. கிடாரிக் கன்று. இப்போது கதவுக்குக் கொண்டி உண்டு. முதல் சீம்பால் மதினி வீட்டுக்குப் போனது. கன்று பால் மறந்ததும் அவளுக்கு என்று சொல்லிவிட்டேன். அவள், "ஏர்போர்ட்டு மாடு, எனக்கு வேண்டாம்" என்றாள். தினம் இரண்டு வேளை வந்து அதற்குப் புல் போடுகிறாள்.

பெயிண்ட் ஹெச்சைப் பசு ஒரு தரம் நக்கிப் பார்த்தது. என்னைப் பார்த்தது. பிறகு தொடவில்லை.

ஹெலிகாப்டர் அப்புறம் வரவில்லை. தேவைப்படவில்லை. நான் தினம் காலையில் கூட்டுகிறேன். கன்று ஹெச்சின் குறுக்குக் கோட்டில்தான் படுக்கும். பெயிண்ட் சூடு பிடிக்கும் போலிருக்கிறது. வாரியலால் தட்டுவேன். எழாது. என் வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்து, "மேனேஜரே, ரன்வேல ஆளு" என்பார். இரண்டு கையாலும் தள்ளித்தான் எழுப்ப வேண்டும்.